முட்டை தின்ற உடும்பும் மூன்று அறிஞர்களும்

முன்னொரு காலத்திலே, மிருகங்களெல்லாம் நம்மைவிட அதிகமாகப் பேசிக்கொண்டு திரிந்த காலத்திலே, ஒரு காட்டுக் குளத்தங்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று நாலு முட்டை இட்டிருந்தது. கூடெல்லாம் கிடையாது. வெறும் கூழாங்கல் நடுவில்தான்.

ஒருநாள் உடும்பு வந்து ஒரு முட்டையைத் தின்றுவிட்டது.

"ஐயோ, என் பிள்ளை!" என்று ஆள்காட்டி அலறியது. அந்தச் சத்தத்தில் காட்டின் மூன்று அறிஞர்களான ஆந்தை, குரங்கு, ஆமை எல்லோரும் ஓடிவந்தார்கள். ஆமையும் ஓடித்தான் வந்தது; கொஞ்சம் நேரமாயிற்று, அவ்வளவுதான்.

உடும்பு ஓடவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது.

"இவன் ஏன் இப்படிச் செய்தான்? அதுதான் கேள்வி!" என்றது ஆந்தை. "தலையைப் பாருங்கள், எவ்வளவு சப்பை! பிறவிக் குணம்!"

"ஆமாங்க, பிறவியிலேயே நான் இப்படித்தான்!" என்றது உடும்பு.

"இல்லவே இல்லை! சேர்க்கை சரியில்லை. சாரைப்பாம்போடு சுற்றுகிறான்!" என்றது குரங்கு.

"அதுவும் உண்மைதாங்க! அவன்தான் என்னைக் கெடுத்தான்!"

"பசிடா, பசி!" என்றது அப்போதுதான் வந்துசேர்ந்த ஆமை.

"ஐயா, மனசைத் தொட்டுட்டீங்க!" என்று உடும்பு கண்ணீர் விட்டது.

"மீதி மூணு முட்டையை யார் பார்த்துக்குவாங்க?" என்றது ஆள்காட்டி.

"குறுக்கே பேசாதேம்மா! சோதனை செய்ய வேண்டும்!" என்றார்கள் அறிஞர்கள்.

உடும்புக்கு வயிறு முட்டக் கறையான் ஊட்டி, முட்டைகளின் பக்கத்தில் விட்டார்கள். ஏப்பம் விட்டுக்கொண்டே ஒன்றைத் தின்றது.

"பசியில்லை! பிறவிக் குணம்தான்!" என்று ஆந்தை குதித்தது.

"சாரைப்பாம்பு பார்த்துக்கொண்டிருந்ததே! அவன் கேலி செய்வான் என்று தின்றிருப்பான்!" என்றது குரங்கு.

பாம்பைத் துரத்திவிட்டு உடும்பைத் தனியே விட்டார்கள். இன்னொன்றும் போயிற்று.

"இன்னும் ஒரே ஒரு தடவை! முடிவு தெரிந்துவிடும்!" என்றது ஆந்தை.

"ஒரே ஒரு முட்டைதானே இருக்கு!" என்று ஆள்காட்டி கத்திய கத்தலில் புதருக்குள் தூங்கிய முள்ளம்பன்றி எழுந்து வந்தது.

"என்ன தங்கச்சி, தூங்க விடமாட்டியா?"

"அவன் ஏன் தின்றான்னு ஆராயறாங்க அண்ணே!"

"ஏன் என்பதை அவங்க பேசட்டும். எங்கே தின்றான்? அதைக் காட்டு."

காட்டியது. முள்ளம்பன்றி மீதியிருந்த முட்டையைச் சுற்றி வளைந்து படுத்து, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குறட்டை விட்டது. உடும்பு மூக்கை நீட்டியது. "அம்மாடி!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியேபோயிற்று.

அறிஞர்கள் மூவரும் முள்ளம்பன்றியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு ஆந்தை மெல்லக் கேட்டது: "முள்ளம்பன்றி ஏன் முட்டையைத் தின்னவில்லை?"

"பிறவிக் குணம்!"

"நல்ல சேர்க்கை!"

"பசியில்லை!"

சண்டை பல நாள் நடந்தது. முட்டை பொரிந்தது. காவல் முடிந்ததென்று முள்ளம்பன்றி புதருக்குப் போயிற்று. ஆள்காட்டி முன்னே நடந்தது. குஞ்சு மட்டும் கொஞ்ச நேரம் நின்று அந்த மூவரையும் அண்ணாந்து பார்த்தது. பிறகு அதுவும் குடுகுடுவென்று அம்மா பின்னால் நடந்து போய்விட்டது.

குற்றம் ஏன் நடந்தது என்று ஆராய்வது நல்லதுதான், ஆனால் அடுத்த குற்றம் நடக்காமல் காவல் போட்டுவிட்டு ஆராய வேண்டும்.