கொதிக்காத தண்ணீர்

கடமையில் கோதண்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்றால் ஃப்ளையிங் கிளப்பில் ஆஜர். பறக்காமல் நிற்கும் கிளப்பின் ஒரே விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி, பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டிவிட்டுத் திரும்ப உள்ளே நிறுத்துவார். பஸ் டிப்போவில் இருபது வருடம் ஊறிய பழக்கம்.

அங்கிருந்து நேராக மரியபுஷ்பம் வீடு. ஐம்பது வயதைத் தாண்டிய கோதண்டத்துக்கு விமான எஞ்சின் வேலை கற்றுக்கொடுத்தவர்; அவரைவிட எட்டு வருடம் இளையவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தபோது, கொட்டகைச் சாவியைக் கோதண்டத்திடம்தான் கொடுத்தார்.

"ப்ளேன் நல்லா இருக்கு மேடம்" என்பார் கோதண்டம். அவ்வளவுதான் பேச்சு.

பதினான்கு மாதம் கழித்து எஞ்சினைத் திறந்தார்கள். எண்ணெய் ஓட வேண்டிய இடமெல்லாம் கறுப்புக் களிம்பு, அதற்கடியில் துரு. தேறாது என்று எழுதிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். வேறு எஞ்சின் வாங்கக் கிளப்புக்கு வக்கில்லை. இழுத்து மூடப் போகிறார்கள்.

மனம் வெந்து மரியபுஷ்பம் வீட்டில் வந்து நின்றார் கோதண்டம்.

"ஒரு வாரம்கூடத் தவறலையே மேடம். எப்படிக் கெட்டுச்சு?"

மரியபுஷ்பம் வாக்கரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போனார். டீக்குத் தண்ணீர் வைத்து, தட்டால் மூடி, சிறு தீயில் விட்டார். கோதண்டம் பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

பத்தாவது நிமிடம், கொதி வருவதற்குள் அடுப்பை அணைத்தார் மரியபுஷ்பம்.

"தட்டைத் தூக்குங்க."

தட்டின் அடியில் முத்து முத்தாக நீர். தூக்கியதும் பாத்திரத்துக்குள்ளேயே சொட்டியது.

"எஞ்சின் ஓடினா உள்ள தண்ணி சேரும். நல்லாப் பறக்கவிட்டா, அந்தச் சூட்டுல ஆவியாப் போயிடும். நீங்க வாரா வாரம் தண்ணியைச் சேர்த்து மூடி வச்சிருக்கீங்க. தொடாம விட்டிருந்தாக்கூட இவ்வளவு கெட்டிருக்காது."

 கோதண்டத்துக்குக் கோபம் வந்தது.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்!"

"எழுந்து நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஒவ்வொரு வெள்ளியும் டீ வச்சேன், உக்காரவச்சு, ப்ளேனை எப்படிப் பாத்துக்கறீங்கன்னு விவரமா கேக்கலாம்னு." மரியபுஷ்பம் பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். "அது கொதிக்கிறதுக்குள்ள நீங்க செருப்பை மாட்டிடுவீங்க."