தேதிச் சீட்டு

“பத்து வருஷமா யாரும் எடுக்காத ஆய்வேடெல்லாம் இன்னைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போகணும்,” என்றார் நூலகத்துக்கு வந்த துணைவேந்தர். “கணிதமோ கல்வெட்டோ, எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல்தான்.”

நூலக உதவியாளர் செங்கமலம் அலமாரியைப் பார்த்தாள். பகா எண்களைப் பற்றிய நாற்பது பக்க ஏட்டுக்கும் ஒப்பாரிப் பாடல் தொகுப்புக்கும் வேறு பிரதியே கிடையாது.

“சரிங்க ஐயா. கழிக்கிற ஒவ்வொண்ணுலயும் நீங்க கையெழுத்துப் போடணும்,” என்று ஒரு பொருளாதார ஏட்டை முதலில் வைத்தாள். இரவல் கொடுத்த நாளைக் குத்தும் கடைசிப் பக்கத் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை.

பேனாவைத் திறந்தவர் அட்டையைப் பார்த்தார். அவருடைய பெயர்தான்.

“இதை ஒருத்தர்கூட எடுக்கலையா?”

“யாருக்கு எப்பத் தேவைப்படும்னு நமக்குத் தெரியாதுங்களே.”

அவர் பேனாவை மூடினார். “எல்லாம் இருக்கட்டும்.” தன் ஏட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

செங்கமலம் அதை வாங்கி, சீட்டில் அன்றைய தேதியைக் குத்தித் திருப்பிக் கொடுத்தாள்.