கிண்ணம் வச்ச ஈரல்செடி

ஒரு மலையில ஒரு சுனை. தண்ணி மொள்ள இறங்குறதுக்கு கல்லுப் படி. அந்தப் படியோரத்துல ஒரு குட்டிச் செடி, தரையோட தரையா ஒட்டிக்கிட்டு, ஆட்டு ஈரலைத் துண்டு போட்டு பரப்புனாப்ல இருக்கும். அதனால பேரு ஈரல்செடி. ம் கொட்டுடி பொம்மி, இல்லாட்டி நிறுத்திருவேன்.

"ம்."

திருவிழாவுக்குக் குடம் எடுக்க வர்றதுக்கு முந்தி படியில பாசி வழிக்கிறது அந்த ஊரு வழக்கம். போன வருசம் ஒருத்தி வழுக்கி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா. அதுலருந்து பாசி வழிக்க வர்ற குருவம்மா பச்சையா எதப் பாத்தாலும் விடமாட்டா. கொட்டாங்குச்சியால சர்ரக்கு சர்ரக்குன்னு சுரண்டிக்கிட்டே இறங்குனா.

"யக்கா, நான் பாசி இல்ல!"ன்னு கத்துச்சு ஈரல்செடி.

"அப்ப உன் சொந்தக்காரங்க யாரு? நான் கடைசிப் படிக்கு வர்றதுக்குள்ள காட்டு. இல்லாட்டி சர்ரக்குதான்."

ஈரல்செடி சுத்திமுத்திப் பாத்துச்சு. அப்புறம் மேல நின்ன பெரணியக் கூப்புட்டுச்சு. பெரணி இலையத் திருப்பிக் காட்டி, "எங்களுக்கு அடியில தவிட்டுப் பொட்டு இருக்கும். உனக்கு?"ன்னு கேட்டுச்சு. இல்லையே!

அப்புறம் சுவத்துல இருந்த மெத்தைப் பாசி. "எங்களுக்குத் தண்டு உண்டு, சுத்தி குட்டிக்குட்டி இலை. நீ சப்பையால்ல இருக்க!"

அப்புறம் தண்ணிக்குள்ள இருந்த வழுக்குப் பாசி. அது மட்டும் பாவப்பட்டு, "நம்ம ஆளுன்னே சொல்லிக்கோ தாயி"ன்னுச்சு. சொல்லி வாய் மூடல, சர்ரக்! ஆளக் காணோம்.

"ஐயோ!"

நீ ஏன் எந்திரிக்கிற? படு.

அப்போ குருவம்மா குனிஞ்சா. "எனக்கு யாருமே இல்லக்கா"ன்னு அழுதுச்சு செடி. அவளுக்கு மனசு கேக்கல. கொட்டாங்குச்சியக் கீழ வச்சுட்டு வெரலால தடவுனா. கொழகொழன்னு இல்ல. தோலு மாதிரி இருந்துச்சு, மேல பொடிப்பொடியாப் புள்ளி. இன்னும் கிட்டக்கப் பாத்தா, முதுகு மேல துளித்துளியா கிண்ணம்! ஒவ்வொரு கிண்ணத்துலயும் பச்சைப் பொடி.

"அடியாத்தி! நீ யாரு வீட்டுப் புள்ளையும் இல்ல. நீ தனி வீடுடி!"

அந்நேரம் பாத்து டொப்புனு ஒரு மழத்துளி கிண்ணத்துல விழுந்துச்சு. பச்சைப் பொடி துள்ளித் தெறிச்சு கல்லு மேல ஒட்டிக்குச்சு. டொப், டொப், டொப்! மழ நின்னு, நாளாகி, குருவம்மா குடத்தோட வந்து பாத்தா, கல்லு பூராவும் குட்டி ஈரல்செடி.

"சொந்தத்தக் காட்டுன்னேன். மடியிலயே வச்சிக்கிட்டா அழுத நீ?"

செடிக்குச் சிரிப்பு தாங்கல.

...பொம்மி? ம் காணோமே. சரி, கத சுனையோட போச்சு, நீ தூக்கத்தோட போ.