பதினோரு துணிகள்

“பன்னிரண்டுன்னு அவ சொன்னா. அதுக்கப்புறம்தான் நான் தையல் போட்டேன். இதுல என் தப்பு எங்கம்மா இருக்கு?”

கேட்டவர் டாக்டர் ஆவுடையப்பன். இருபத்தாறு வருடமாக அறுவை சிகிச்சை செய்பவர். எதிரே இருந்த டாக்டர் ரஹ்மத் நிஷா, ஒருகாலத்தில் அவரிடம் கத்தி பிடிக்கக் கற்றவர்.

மூன்று மாதத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் சகாயமேரிக்கு ஆவுடையப்பன் குடல் ஆபரேஷன் செய்தார். ரத்தம் ஒற்றும் துணி ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. வலிக்கிறது என்று சகாயமேரி நான்கு முறை வந்தார். வாயு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

ஐந்தாவது முறை சகாயமேரி வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பத்து நாள் முன்னால் ரஹ்மத் நிஷாதான் துணியை வெளியே எடுத்தார். கூடவே, சீழ் பிடித்த ஒரு முழ நீளக் குடலையும்.

பிரித்த பன்னிரண்டு துணியும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிய நர்ஸ் தவமணிக்கு வேலை போயிற்று.

“தவமணி சிஸ்டர் முதல்லயே பன்னிரண்டுன்னா சொன்னாங்க?” என்று கேட்டார் ரஹ்மத் நிஷா.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முதல்ல பதினொண்ணுன்னா. திரும்ப எண்ணுன்னேன். எண்ணிட்டுப் பன்னிரண்டுன்னா.”

“எப்படிச் சொன்னீங்க சார், திரும்ப எண்ணச் சொல்லி?”

“எப்படின்னா? சொன்னேன்.”

ரஹ்மத் நிஷா மறுநாள் ஆபரேஷன் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல எனக்கு ஒரு வயித்து ஆபரேஷன் இருக்கு. எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க சார். கத்தி எடுக்க வேண்டாம். துணி எண்ணுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

ஆவுடையப்பன் கோபமாகத்தான் எழுந்து போனார். ஆனாலும் மறுநாள் வந்தார்.

பன்னிரண்டு துணி பிரித்தார்கள். நினைத்ததைவிட ரத்தம் அதிகம் போயிற்று. மயக்க மருந்து டாக்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார்: “பிரஷர் இறங்குது. சீக்கிரம் முடிங்க.”

“துணி சரியா சார்?” ரஹ்மத் நிஷா தலை நிமிரவில்லை.

ஆவுடையப்பன் எண்ணினார். பதினொன்று. இன்னொரு முறை எண்ணினார். பதினொன்று.

“இரும்மா, எண்ணிட்டிருக்கேன்.”

“உள்ள ஒண்ணும் இல்ல சார். நல்லாப் பாத்துட்டேன். மூடறேன்.”

அந்தக் குரலில் கோபம் இல்லை. அவசரம் மட்டும் இருந்தது. கருவி மேசைக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் ஆவுடையப்பனைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் மறுபடியும் துணிகளைப் பார்த்தார்.

நான்தான் தப்பாக எண்ணுகிறேனோ? கைதேர்ந்தவள், பார்த்துவிட்டேன் என்கிறாளே. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

பன்னிரண்டு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ரஹ்மத் நிஷா ஊசியை வாங்கினார்.

“பதினொண்ணுதான் இருக்கு” என்றார் ஆவுடையப்பன்.

ரஹ்மத் நிஷாவின் கை அப்படியே நின்றது. “யாரும் எதையும் நகர்த்தாதீங்க.”

மறுபடியும் உள்ளே தேடினார். கல்லீரலுக்குப் பின்னால், ரத்தத்தில் ஊறி, சதையோடு சதையாக ஒட்டிக் கிடந்தது பன்னிரண்டாவது துணி.

“நன்றி சார்” என்று சொல்லிவிட்டுத் தையலைத் தொடங்கினார்.

வெளியே கை கழுவும் இடத்தில் ஆவுடையப்பன் வெகுநேரம் குழாயைத் திறந்தபடி நின்றார். ரஹ்மத் நிஷா வந்தார்.

“வேணும்னே வெச்சியா?”

“இல்ல சார்.” ரஹ்மத் நிஷா கையுறையைக் கழற்றினார். “உள்ள இல்லன்னுதான் நெசமாவே நெனச்சேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“எண்ணத் தெரியாதவளை எல்லாம் எதுக்கு உள்ள விடறாங்கன்னு கேட்டேன்ம்மா. அன்னிக்கு. எல்லார் முன்னாலயும்.”

ரஹ்மத் நிஷா குழாயை மூடினார்.

“சகாயமேரி எந்த வார்டுல இருக்காங்க?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

சகாயமேரி சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். உட்காரச் சொன்ன பிறகுதான் டாக்டர் உட்கார்ந்தார். பதினொன்று என்று தவமணி சொன்னதையும், தான் கத்தியதையும், அது பன்னிரண்டாக மாறியதையும் சொன்னார்.

“அந்தப் பொண்ணு சரியாத்தான் சொன்னா. நான் கேக்கல. நீங்க வலிக்குதுன்னு சொன்னதையும் கேக்கல. மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

சகாயமேரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நாலு தடவ வந்தேன் சார்.”

“ஆமாம்மா.”

“பிள்ளைகளுக்கு ஆக்கி எறக்கி வச்சிட்டு, வயித்தப் புடிச்சிக்கிட்டு பஸ்சுல வந்தேன். நாலு தடவயும்.”

“ஆமா.”

“அந்த நர்சம்மாவ வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?”

“நெசந்தான். நான் எழுதிக் கொடுத்ததை வச்சுத்தான் அனுப்பினாங்க.”

சகாயமேரி மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? அவுக வீட்டுக்குப் போங்க சார்.”