நைஸ் என்றது நரி

மார்கழி மூன்றாம் தேதி, விடியற்காலை. மருதங்காட்டு ஏரியில் பனி இறங்கியிருந்தது. கறுத்த உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக நாமக்கோழி ஒன்று கனவில் போவதுபோல் மிதந்து போனது. பெயர் மையழகி. அதற்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. ஏரி நடுவே கோரைப் புல்லுக்குள் கூடு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தது.

"மையழகி அக்கா! நீங்க ரொம்ப நைஸ்!"

கரையில் நரி நின்றது. "அந்தக் கோரைக்குள்ளே ஈரத்தில் கிடந்து ஏன் கஷ்டப்படறீங்க? இந்தப் புதரடிக்கு வாங்க. காய்ந்த மண், இளவெயில். முட்டைக்கு நான் காவல் இருக்கேன்!"

மையழகி சொக்கிப்போனது. நைஸ்! பனிக்குள்ளிருந்து அந்தச் சொல் ஒரு வெள்ளைப் பூவாக மிதந்து வருவதுபோல் இருந்தது. ஒரு கோரைத் தாளைக் கவ்விக்கொண்டு கரையை நோக்கி நீந்தியது.

"எங்கே புறப்பாடு?" என்றது வழியில் தலை நீட்டிய ஒரு தவளை.

"கரைக்கு. நரி என்னை நைஸ் என்றது!" அலகில் தாளோடு குழறியது மையழகி.

"அடி அசடே! நம்ம ஏரியில் நைசா வர்றதுன்னா, சத்தமில்லாமல் வந்து அமுக்கறது!"

வடக்கேயிருந்து குளிருக்கு வந்திருந்த சீமை வாத்து, தூக்கக் கலக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்தது. "அது எங்க இங்கிலீஷ் வார்த்தை. லத்தீனில் 'ஒன்றும் அறியாதவர்' என்று பிறந்தது. அப்புறம் 'முட்டாள்' ஆச்சு. பல நூறு வருஷம் அலைந்துதான் 'இனிமையானவர்' என்று ஆச்சு."

"அப்போ நரி சொன்னது எது?" என்றது மையழகி.

"நரியைக் கேள்!" வாத்து மறுபடி தூங்கிவிட்டது.

மையழகி கரைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டது. "நரியண்ணே! நைஸ்னா என்ன? வேற வார்த்தையில் சொல்லுங்களேன்!"

நரி திணறியது. "அதாவது... நீங்க... மெத்துமெத்துன்னு..."

"அப்புறம்?"

"கொழுகொழுன்னு..." நரியின் வாயோரம் எச்சில் ஒழுகியது.

"போதும் அண்ணே! புரிஞ்சுபோச்சு!"

மையழகி திரும்பியது. நடு ஏரியில், கோரைக்குள் ஈரத்திலேயே கூடு கட்டியது. தை பன்னிரண்டாம் தேதி முட்டைகள் பொரிந்தன.

புகழ்கிற வார்த்தை எவ்வளவு இனித்தாலும், சொன்னவர் வாயாலேயே அதற்குப் பொருள் கேட்ட பிறகுதான் நம்ப வேண்டும்.