அரும்பொருட்சாலையில் அரசரின் செருப்பு

செங்கோடபுரி அரசர் வீரகேசரிக்கு உலகத்தில் இரண்டே பேரைத்தான் பிடிக்கும். ஒருவர் வீரகேசரி. இன்னொருவர், வீரகேசரியின் பெருமையை நாள் முழுக்க அவர் காதிலேயே ஓதிக்கொண்டிருந்த அரசியின் தம்பி வச்சிரவேலு.

அரண்மனையின் கிழக்கு வாசலை ஒட்டி ஓர் அரும்பொருட்சாலை இருந்தது. அரசரின் பாட்டனார் கட்டியது. அதன் காப்பாளர் குழைக்காதருக்கு இருபத்தேழு வருட உத்தியோகம். தலையில்லாத சிலை, மூக்குடைந்த குடம், எழுத்து தேய்ந்த செப்பேடு என்று ஊரார் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் தேடிப்பிடித்துக் கொண்டுவருவார். துடைப்பார், படிப்பார், இது இன்னாருடையது என்று ஓலைச்சீட்டு எழுதிக் கட்டுவார். அரண்மனைக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஓட்டாஞ்சில்லு. எண்ணூறு வருட ஓட்டாஞ்சில்லு என்றால் அதுவும் ஒரு மரியாதைதானே என்று அவர் சும்மா இருந்துவிட்டார்.

அந்தச் சமயம் வச்சிரவேலு தன் மாளிகைக் குளத்துக்குப் படித்துறை கட்டிக்கொண்டிருந்தார். அகலமான கல் தேவைப்பட்டது. அரும்பொருட்சாலையிலோ பதினோரு நடுகற்கள் வேலைவெட்டி இல்லாமல் நின்றுகொண்டிருந்தன.

ஒருநாள் சபையில் மெல்ல ஆரம்பித்தார். "அத்தான், அங்கே செத்துப்போன யார் யாருடைய கல்லோ நிற்கிறது. உங்கள் பொருள் ஒன்றாவது உண்டா? வருகிறவர்கள் உங்களையல்லவா பார்க்க வேண்டும்? அந்தக் கற்கள் என் படித்துறைக்காவது உதவும்."

"அட, ஆமாம்!" என்றார் அரசர். இருபத்தைந்து வருடமாக ஆளுகிறோம், இது தோன்றவில்லையே என்று அவருக்கே வருத்தமாகிவிட்டது. "குழைக்காதரே! என் பொருள்களைக் கொண்டுபோய் வையும். அந்தக் கற்களை வச்சிரவேலு வீட்டுக்கு அனுப்பிவிடும். எட்டு நாள் கெடு. தவறினால் கல்லுக்கு முன்னால் நீர் வெளியே போவீர்."

"உத்தரவு, மகாராஜா. முதலில் தங்கள் பொருள்கள் வந்து சேரட்டும். ஒன்பதாம் நாள் திறப்பு விழா முடிந்ததும் கற்களை எடுத்துக்கொள்ளலாம்."

சாலைக்குத் திரும்பியவர் ஒரு கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றார். களவுபோன மாடுகளை மீட்கப் போய் அம்புபட்டு விழுந்தவன் ஒருவனின் கல் அது. ஆற்றங்கரையில் துணி துவைக்கக் கிடந்ததை, புதுக்கல் ஒன்று வாங்கிக் கொடுத்து மீட்டு வந்திருந்தார். பெயரில் மூன்றெழுத்துதான் மிச்சம். படிக்கல்லானால் அதையும் வச்சிரவேலுவின் குதிகால் ஆறே மாதத்தில் தின்றுவிடும். விரலால் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். பிறகு ஓலைக்கட்டை எடுத்துக்கொண்டு அந்தப்புரத்துக்குக் கிளம்பினார்.

எட்டு நாளும் பம்பரமாகச் சுழன்றார். அரசர் குழந்தையில் தள்ளிய நடைவண்டி வந்தது. வார் அறுந்து தைத்த செருப்பு வந்தது. மூன்று முடி ஒட்டிய சீப்பு வந்தது. அந்த மூன்று முடிக்கும் தனிச்சீட்டு. பாதி கடித்த கரும்புத்துண்டு வந்தது. கடித்த பல் இன்னதென்றும் எழுதப்பட்டது.

வச்சிரவேலு தினமும் வந்து விரட்டினார். "திறப்பு விழாவன்று ஒன்றும் பாக்கி இருக்கக் கூடாது, ஓய்! எல்லாச் சீட்டும் முழுசாக நிரம்பியிருக்க வேண்டும்."

"முழுசாகவா? ஒருதரம் யோசித்துச் சொல்லுங்கள், ஐயா."

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முழுசாக!"

ஒன்பதாம் நாள் காலையில் அரசர் பரிவாரத்தோடு வந்தார். செருப்பைப் பார்த்து முகம் மலர்ந்தார். கரும்பின் முன்னால் கண் கலங்கினார். செருப்பின் சீட்டை வாங்கித் தானே உரக்க வாசித்தார்.

"மாமன்னர் வீரகேசரியின் பாதுகை. மன்னர் பிறந்தது ஈசுவர வருடம். மறைந்தது..." நிறுத்தினார். "மறைந்தது என்று போட்டு வெறுமனே விட்டிருக்கிறீரே?"

"அந்த இடம்தான் பாக்கி, மகாராஜா" என்றார் குழைக்காதர் பணிவாக. "தங்கள் பாட்டனார் வைத்த விதி. காலமானவர்கள் பொருள்தான் இந்தச் சாலைக்குள் வரலாம். அரசர் பொருளென்றால் சீட்டில் பிறந்தது, மறைந்தது என்று இரண்டு வருடமும் இருந்தே ஆக வேண்டும்."

அரசர் அடுத்த சீட்டைப் புரட்டினார். மறைந்தது. அதற்கடுத்தது. மறைந்தது. கரும்பிலும் மறைந்தது. பரிவாரத்தில் நின்ற சோதிடர் மெல்ல இரண்டடி பின்வாங்கினார்.

"இதை நிரப்பாமல் விழாவை வைத்தீரா?"

"நான் எப்படி நிரப்புவேன், மகாராஜா? ஆனால் இன்றைக்குள் எல்லாம் முழுசாக நிரம்பியாக வேண்டும் என்று தங்கள் மைத்துனர் தினமும் வற்புறுத்தினார். யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்டும் பார்த்தேன். யோசிக்க ஒன்றுமில்லை என்றுவிட்டார்."

எல்லோரும் வச்சிரவேலுவைப் பார்த்தார்கள்.

"அத்தான்! சத்தியமாக நான் அந்த அர்த்தத்தில்..."

"வேறு எந்த அர்த்தத்தில்?" அரசரின் கை தன்னையறியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டது. "இதற்கு வழி என்ன, குழைக்காதரே?"

"இரண்டு வழி, மகாராஜா. சீட்டை நிரப்பலாம். இல்லை, செருப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்."

அரசர் செருப்பை அங்கேயே காலில் மாட்டிக்கொண்டார். சீப்பு மடிக்குப் போனது. நடைவண்டியைத் தளபதியே தூக்கிக்கொண்டார். கரும்பைச் சேவகன் ஒருவன் பயபக்தியோடு ஏந்தினான். நடுகற்கள் பதினொன்றும் நின்ற இடத்தில் நிற்கும், தொட்டவன் கை போகும் என்று அப்போதே ஆணை பிறந்தது. காப்பாளருக்கு ஒரு பட்டுச் சால்வையும், சாலைக்குப் புதுக் கூரையும் கிடைத்தன.

உயிர் திரும்பி வந்தது போலிருந்ததால் அரசருக்கு வேடிக்கை பேசத் தோன்றியது. காலியாகிவிட்ட நடுப்பீடத்தைக் காட்டினார். "இது வெறுமையாக இருக்கிறதே. பேசாமல் இந்த வச்சிரவேலுவைத் தூக்கி இதில் உட்காரவைத்துவிட்டால் என்ன?"

குழைக்காதர் வச்சிரவேலுவைத் தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்த்தார். எழுத்தாணியைக் காதில் செருகிக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. இங்கே அரிய பொருள்களைத்தான் வைப்பது. இது எல்லா அரண்மனையிலும் கிடைக்கிறது."

அரசர் சிரித்த சிரிப்பில் செருப்பின் வார் மறுபடி அறுந்தது.