ஈர வயிறு

பிலோமினாவுக்கு முப்பத்தாறு வயது. யாரிடமும் சம்பளம் வாங்காமல், பதினைந்து வருடமாகப் பறவைகளைப் படமெடுத்தே பிழைப்பவர். அவரிடம் தொழில் கற்க வந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பத்திரண்டு. வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை மேடம் என்பார். இருவருக்கும் அதில் கூச்சம் இல்லை.

எட்டு மாதத்தில் சீடரின் படம் ஒன்றுகூட அச்சேறவில்லை. வீட்டில் அவரோடு பேச்சு குறைந்திருந்தது. இந்த நிலையில் ஒரு பத்திரிகை கேட்டிருந்தது: கோடை வெயிலில் ஆள்காட்டிக் குருவி தன் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் படம். நாளைக்குள் கொடுத்தால் அட்டையில் போடுவார்கள்.

தூத்துக்குடி உப்பளத்து ஓரம், பொட்டல் தரையில் நாலு முட்டைகள் இருந்தன. சற்றுத் தள்ளி ஒரு துணிக்கூடாரம். பறவைக்குப் பழகட்டும் என்று பிலோமினா ஒரு வாரம் முன்பே வைத்தது.

“நான் தேறிட்டேனான்னு எதை வச்சு மேடம் பாப்பீங்க?” என்றார் சீடர், காலையில் அங்கே வந்ததும்.

பிலோமினா கூடாரத்தின் திரையைத் தூக்கிப் பிடித்தார். இருவரும் கூடாரத்துக்குள் போனார்கள்.

“இப்ப நான் மட்டும் வெளிய போறேன். எல்லாரும் போயாச்சுன்னு குருவி நம்பிரும். அதுக்கு எண்ணத் தெரியாது.”

பிலோமினா போய்த் தூரத்து வரப்பில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் குருவி வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது.

சீடருக்குப் படத்தில் பறவை சிறிதாகத் தெரிந்தது. ஆசை யாரை விட்டது? கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு, உள்ளிருந்தபடியே பத்தடி முன்னால் நகர்ந்தார்.

குருவி கத்திக்கொண்டு எழும்பியது. நனைந்து வந்து எட்ட நின்றது. வயிறு காய்ந்ததும் மறுபடி தண்ணீருக்குப் போனது. வந்து அங்கேயே நின்றது.

போன் அடித்தது.

“கூடாரம் நடந்துருக்கே, அண்ணாச்சி.”

“இன்னும் அஞ்சு நிமிசம் மேடம். வந்திரும். நாந்தான் இருக்கேன்னு அதுக்குத் தெரியாதுல்லா? எண்ணத் தெரியாதுன்னீங்க.”

“ஆளை எண்ணாது. முட்டை நாலுன்னு தெரியும்.”

“நாளைக்குக் கடைசி நாள் மேடம்.”

“தெரியும்.”

பிலோமினா போனை வைக்கவில்லை.

சீடர் உள்ளங்கையைத் தரையில் வைத்தார். சுட்டது, சட்டென்று எடுத்தார். பிறகு கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். கூடாரத்தை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பை நோக்கி நடந்தார்.

வந்து சேர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“ஒரு படம்கூட இல்ல மேடம். காலையில கேட்டதுக்கும் நீங்க ஒண்ணும் சொல்லல.”

பிலோமினா கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

“குருவி வந்து உக்காந்துருச்சான்னு பாருங்க, அண்ணாச்சி.”